முறிந்த மரமெல்லாம் பட்ட மரம் அல்ல

புயலில் முறிந்த மரம், சுற்றிலும் மூடுபனி, கருப்பு வெள்ளை. இந்த மூன்றும் சேர்ந்த படத்தை எத்தனையோ முறை பார்த்திருப்போம். ஒற்றை மரம், தலை இல்லை, அல்லது மிஞ்சிய ஒரே கிளை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வெள்ளைத் தாள் மாதிரி பனி, மரம் முழுக்கக் கரி. கீழே ‘மௌனம்’, ‘எஞ்சியது’, ‘தனிமை’ என்று ஏதாவது ஒரு தலைப்பு. படம் அழகாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அது சொல்லும் சேதியில்தான் சண்டை. இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவை, மரம் செத்துவிட்டது, வாருங்கள் துக்கம் விசாரிப்போம் என்றுதான் பார்ப்பவரிடம் சொல்கின்றன. பல நேரம் அது உண்மையில்லை. முறிவைப் படமெடுக்கப் போகிறவர் அது என்ன மரம், முறிந்த பிறகு அது என்ன செய்யும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அது தெரிந்தால் எங்கே நிற்பது, எவ்வளவு ஒளி விடுவது, எந்தச் சாம்பலைக் காப்பாற்றுவது என்பதெல்லாம் மாறிவிடும். பனியோ கருப்பு வெள்ளையோ இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. குறுக்கே நிற்பது அந்தக் கரி உருவம்தான்.

செத்துவிட்டது என்று ஏன் சொல்லக்கூடாது என்பதற்கு, உலகத்திலேயே நன்றாக ஆராயப்பட்ட புயல்சாய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1987 அக்டோபர் 15 இரவு தொடங்கி 16 விடியும்வரை தென்கிழக்கு இங்கிலாந்தில் அடித்த பெரும்புயலில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. இலையுதிர்காலம்தான், ஆனால் மரங்களில் இலை இன்னும் கொட்டியிருக்கவில்லை. மழையில் மண்ணும் ஊறிக் கிடந்தது. காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. கெண்ட் வட்டாரத்தில் செவனோக்ஸ் என்ற ஊரின் பெயருக்கு ஏற்ப நின்ற ஏழு ஓக் மரங்களில் ஆறு சாய்ந்தன. லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் மட்டும் சுமார் 700 மரங்கள் போயின. அந்தக் கியூவில்தான் ‘டர்னர் ஓக்’ என்ற மரம் இருக்கிறது, 1798இல் நட்டது. புயல் அதை வேரும் மண்ணுமாகத் தூக்கி, மறுபடி அதே குழியில் உட்காரவைத்துவிட்டுப் போனது. இனி பிழைக்காது, மற்ற வேலைகள் முடிந்ததும் வெட்டிவிடலாம் என்று முட்டுக்கொடுத்து விட்டுவைத்தார்கள். மூன்று வருடம் கழித்து வந்து பார்த்தால், புயலுக்கு முன்பு சோர்ந்துகிடந்த மரம் தழைத்து நிற்கிறது. பார்வையாளர்களின் காலடியில் இறுகிப்போயிருந்த மண்ணைப் புயல் உலுக்கித் தளர்த்தியதில் வேருக்கு மூச்சு வந்திருக்கிறது. அதன் பிறகு முதிய மரங்களைச் சுற்றி மண்ணை வேண்டுமென்றே தளர்த்துவதை கியூ ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டது. 1987 நவம்பரில் ஒரு பனிக்காலையில் அந்த மரத்தைக் கரி உருவமாக எடுத்து ‘முடிவு’ என்று தலைப்பு வைத்திருந்தால், அந்தப் படம் இன்று என்ன சொல்லிக்கொண்டிருக்கும்?

டர்னர் ஓக் ஒரு விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது. அகன்ற இலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே தலை போய்விட்டால் அவை விழித்துக்கொள்ளும். முழுதாகச் சாய்ந்த மரத்தில்கூட, வேரில் ஒரு பகுதி மண்ணைப் பிடித்திருந்தால் போதும், படுத்த தண்டிலிருந்து நேர்குத்தாகக் கிளைகள் எழும்பி, காலம் போகப்போக ஒவ்வொன்றும் தனி மரமாகத் தடிக்கும். இங்கிலாந்தின் காடுகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய ஆலிவர் ராக்கம் இதைத்தான் சலிக்காமல் சொல்லிவந்தார்: கிடையாக விழுந்த மரம் உயிரோடு இருக்கிற மரம், அதை விட்டுவையுங்கள் என்று.

இப்போது பனிக்கு வருவோம். பனி எல்லாவற்றையும் மறைக்கும், ஆகவே உண்மையைக் காட்ட அது உதவாது என்று சிலர் நினைக்கிறார்கள். முறிவைப் பொறுத்தவரை நடப்பது நேர்மாறு. வெயிலில் ஒரு முறிந்த அடிமரத்தைப் பாருங்கள். சிராய்கள் வெளுத்துக் கண்ணைக் குத்தும், பிளவின் உள்பக்கம் கன்னங்கரேல் என்று இருக்கும், பின்னாலிருக்கும் நூறு கிளைகள் முன்னாலிருக்கும் கிளையோடு பின்னிக்கொள்ளும். பனியில் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. பிளவுக்குள்ளும் புகுகிறது, நிழலுக்குக் கூர்மை இல்லை, பின்னணிக் கிளைகளும் கரைந்துவிடுகின்றன. காட்டுக்குள் படமெடுக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறு கிடையாது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிப்பவை. அதனால்தான் பனி வெள்ளை. தூரத்து மலைமேல் தெரியும் நீலப் புகைமூட்டத்தைச் சிவப்பு ஃபில்டர் போட்டு வெட்டலாம், அடர்ந்த பனியை அப்படி வெட்ட முடியாது. நிறத்தைப் பனியே பாதி கழித்துவிட்ட இடத்தில் கருப்பு வெள்ளை பெரிதாக எதையும் திருடிக்கொள்வதில்லை.

திருட்டு நடப்பது தூரத்தில். பனியில் ஒரு பொருளின் மாறுபாடு, அதாவது பின்னணியிலிருந்து அது பிரிந்து தெரியும் அளவு, தூரம் கூடக்கூட மளமளவென்று சரியும். 1924இல் கோஷ்மீடர் என்ற ஜெர்மானியர் இதற்கு ஒரு சூத்திரம் எழுதிவைத்தார், இன்றும் வானிலைக்காரர்கள் பார்வைத்தூரத்தைக் கணக்கிட அதையே நம்புகிறார்கள். பார்வைத்தூரம் 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டரில் நிற்கும் மரத்தின் மாறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு கேமராவுக்கு வந்துசேரும். 30 மீட்டரில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. 50 மீட்டரில் ஏழில் ஒரு பங்கு. நம் ஒற்றை மரப் படங்களில் பெரும்பாலானவை 30 மீட்டருக்கு அப்பால் நின்று எடுத்தவை, அந்த ‘தனிமை’ கிடைக்க அவ்வளவு தள்ளி நின்றாக வேண்டும். அங்கே பட்டைக்கும் உள்மரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏற்கெனவே அழிந்துவிட்டது. மிஞ்சிய வெளிறிய சாம்பலை எடுத்து, வீட்டில் உட்கார்ந்து கருப்புப் புள்ளியை இழுத்து, அதுவும் போதாமல் 2015 முதல் அடோபி கொடுத்துவரும் டீஹேஸ் என்ற மூட்டம் நீக்கும் பட்டியையும் ஒரு தள்ளு தள்ளினால், கரி உருவம் தயார். அந்தக் கருப்பு அந்தக் காலையில் அங்கே இருந்ததே இல்லை.

பத்து மீட்டருக்குள் வந்தால் முறிவு பேச ஆரம்பிக்கும். ஆரோக்கியமான மரம் காற்றில் முறிந்தால் நார்நாராகக் கிழியும். முழ நீளச் சிராய்கள் ஈட்டிகள் மாதிரி மேலே நிற்கும், ஒரு பக்கம் பட்டை உரிந்து கீழ்வரை தொங்கும். உள்ளே மக்கிப்போன மரம் அப்படிக் கிழியாது, ரஸ்க் உடைகிற மாதிரி மொட்டையாக உடையும். உடைந்த முகத்தில் சதுரம் சதுரமாக வெடிப்பு தெரியும், சில நேரம் பூஞ்சையின் வெள்ளைப் படலமும் இருக்கும். அதாவது இந்த மரத்தைச் சாய்த்தது புயல் மட்டும்தானா, இல்லை பத்து வருடமாக உள்ளே நடந்த வேலையைப் புயல் முடித்துவைத்ததா என்பது அந்த முகத்திலேயே எழுதியிருக்கிறது. முறிந்து எவ்வளவு காலம் ஆனது என்பதும் அப்படியே. புது முறிவின் உள்மரம் பட்டையைவிட வெகு வெளிச்சமாக இருக்கும். வெயிலும் மழையும் பட்டு மாதங்கள் போனால் மங்கிச் சாம்பலாகிவிடும். கருப்பு வெள்ளைக்கு இவ்வளவும் சாம்பலின் படிகள்தான், காட்டக்கூடியவைதான். எக்ஸ்போஷரைச் சரியாகக் கொடுத்தால் போதும். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், பனியையும் அழுக்குச் சாம்பலாக்கிவிடும். மீட்டர் சொல்வதைவிட ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டிக்கொடுத்து, ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பைத் தொடாமல் பனியை நிறுத்தினால், பிளவுக்குள் இருக்கும் இருட்டும் தானாக மேலே வரும். கலைக்காகக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று இதற்கு எதிர்த்திசையில் போகிறவர்கள் கழித்துவிடுவது முறிவைத்தான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். மரம் உயிரோடு இருக்கிறது என்பதுதான் விஷயமென்றால், பச்சைத் துளிர்தானே சாட்சி? பச்சையையே கழித்துவிடும் கருப்பு வெள்ளையில் ஏன் எடுக்க வேண்டும்? வலுவான கேள்விதான். ஆனால் பனிக்காட்டில் பச்சை என்பது துளிர் மட்டும் இல்லை. பாசி பச்சை, தரை பச்சை, பட்டையில் ஒட்டிய பூஞ்சைப்பாசியும் ஒரு பச்சை. செத்து இருபது வருடமான கட்டையும் கலர் படத்தில் பசுமையாகத்தான் நிற்கும். உயிரைக் காட்ட நிறத்தைவிட வடிவம் நம்பகமானது. உறங்கிய மொட்டிலிருந்து வந்த கிளை பழைய கிளை மாதிரி வளைந்து நெளிந்து போகாது. கம்பி போல நேராக, கூட்டங்கூட்டமாக, பழைய முறிவின் ஓரத்திலிருந்து அல்லது படுத்த தண்டின் முதுகிலிருந்து எழும்பும். குளிர்நாட்டில் இலையில்லாத காலத்திலும் பனியின் வெள்ளைப் பின்னணியில் இது பளிச்சென்று தெரியும். இலையோடு இருந்தால் ஃபிலிம்காரர்களுக்கு மஞ்சள்பச்சை ஃபில்டர் இருக்கிறது. டிஜிட்டலில் மாற்றும்போது பச்சைப் பட்டியைவிட மஞ்சள் பட்டியை ஏற்றிப் பாருங்கள், இளந்துளிர் நாம் நினைப்பதைவிட அதிகமாக மஞ்சளில்தான் இருக்கும். பாசி அவ்வளவு ஏறாது. கலரில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சைகள் இங்கே பிரிந்துகொள்ளும்.

அடுத்த மறுப்பு இன்னும் பழையது. புகைப்படம் தாவரவியல் பாடம் இல்லை, கலைஞன் தன் மனநிலையை எடுக்கிறான், மரம் ஒரு சாக்கு என்பது. இதற்கு யோசெஃப் சூடெக்கைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன். செக் நாட்டுக்காரர், 1896இல் பிறந்து 1976இல் மறைந்தவர், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு பெரிய தகட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு, பெஸ்கிடி மலையிலுள்ள மியோன்ஷி என்ற பழங்காட்டுக்கு 1950களிலிருந்து திரும்பத் திரும்பப் போனார். முறிந்தும் பட்டை உரிந்தும் நின்ற மரங்களை எடுத்த அந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் ‘மறைந்த சிலைகள்’. கையை இழந்தவர் கிளையை இழந்த மரங்களை எடுத்தார் என்று கதை கட்டுவது வெகு சுலபம், கட்டியவர்களும் உண்டு. அந்தக் கதையை ஒதுக்கிவிட்டு அவருடைய பிரிண்டைப் பார்க்கச் சொல்வேன். சூடெக் 1940க்குப் பிறகு பெரும்பாலும் பெரிதாக்காமல், நெகட்டிவை நேரடியாகத் தாள்மேல் வைத்துத்தான் பிரிண்ட் போட்டார். பெரிதாக்கும்போது நழுவிப்போகும் நடுச்சாம்பல்கள் அப்படியே தங்க வேண்டும் என்பதற்காக. அவருடைய மரங்களில் வெட்டவெளிச்சமான கருப்பு வெள்ளை மோதல் இல்லை. கருமைக்குள்ளும் பட்டையின் வரி தெரிகிறது, அடியில் முளைத்திருக்கும் புல்லும் தெரிகிறது. மனநிலையை எடுக்கவில்லை என்று யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. மனநிலைக்காக மரத்தைப் பலிகொடுக்கத் தேவையில்லை என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

என் வாதத்துக்கு உண்மையிலேயே இடிக்கிற இடம் நம் ஊரில்தான் இருக்கிறது. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகளை அது என்ன செய்தது என்று டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சரியாக ஒரு மாதத்தில் மார்கழி பிறந்தது, பனியும் வந்தது. அந்தப் பனியில் தலையில்லாமல் நிற்கும் தென்னையிடம் போய், மரம் உயிரோடுதான் இருக்கிறது, கிட்டே வந்து துளிரைப் பாருங்கள் என்று சொன்னால் தோப்புக்காரர் அடிக்க வருவார். தென்னைக்கு ஒரே குருத்து. பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டு கிடையாது, ஓக்கைப் போலச் சுற்றிலும் வளர்ந்து காயத்தை மூடும் அடுக்கும் கிடையாது. குருத்து முறிந்தால் மரம் முடிந்தது. பனைக்கும் இதே கதைதான். ஆகவே இங்கே துக்கப் படம் பொய் இல்லை. கரி உருவமும் குற்றமில்லை, ஏனென்றால் அந்தத் தண்டுக்குள் சொல்ல வேறு சேதி இல்லை.

ஆனால் ஒற்றைத் தென்னையைத் தனியாகப் பிரித்து எடுப்பது இங்கேயும் தவறு என்றே நினைக்கிறேன். தென்னந்தோப்பில் இழப்பின் அளவு எண்ணிக்கையில் இருக்கிறது. நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வரவே ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஆகும், அப்படி வளர்த்த தோப்பு முழுதும் ஒரே இரவில் போயிற்று என்பதுதான் செய்தி. தென்னையை 25 அடி இடைவெளியில் நடுவது வழக்கம். பார்வைத்தூரம் 100 மீட்டர் உள்ள பனியில் கோஷ்மீடர் கணக்குப்படி, பின்னால் போகும் ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிடக் கால் பங்கு மங்கும். முதல் வரிசை கரி, அடுத்தது கொஞ்சம் வெளிறல், அதற்கடுத்தது இன்னும் வெளிறல் என்று ஏழெட்டு வரிசை வரைக்கும் மொட்டைத் தண்டுகளை எண்ணலாம், அதற்கப்பாலும் இருக்கின்றன என்பது விளங்கும். ஓக் மரத்தில் கிட்டப் போகச் சொன்ன அதே பனி, தென்னையில் எட்ட நிற்கச் சொல்கிறது. எந்த மரம் என்று தெரியாதவருக்கு இந்த இரண்டும் ஒரே காட்சிதான்.

அதே கஜா மேற்கே போய்க் கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. பனிக்கும் மரத்துக்கும் பெயர்போன அந்த ஊரில் கதை இன்னும் சிக்கல். அங்கே விழுந்தவற்றில் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைனும் யூகலிப்டஸும் வாட்டிலும் சேர்த்தி. பைன் இடுப்பில் முறிந்தால் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. யூகலிப்டஸ் கட்டையிலிருந்தே மறுதாம்பு விட்டு நாலைந்து தண்டாக எழும்பும். வாட்டில் தானே பிழைக்காவிட்டாலும் கவலையில்லை, வருடக்கணக்காக அதன் விதைகள் மண்ணில் உறங்குகின்றன, மேலே திறப்பு கிடைத்ததும் புதராக முளைத்துவிடும். அந்த மலையின் சோலைக்கும் புல்வெளிக்கும் அது நல்ல சேதி இல்லை. ‘இயற்கை மீண்டெழுகிறது’ என்று பனியில் ஒரு வாட்டில் துளிரை எடுத்துப் போட்டால், அதுவும் ‘மௌனம்’ போலவே ஒரு சோம்பேறித் தலைப்புதான். நான் நம்பிக்கைப் படம் கேட்கவில்லை, துல்லியமான படம் கேட்கிறேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எந்த மரம், எந்தப் புயல், சாய்ந்து எத்தனை மாதம் என்று மூன்று விவரத்தைப் படத்துக்குக் கீழே போட்டால் கலை ஒன்றும் கெட்டுவிடாது.

இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெடணுமா, ஒரு படம்தானே என்பவர்களுக்கு 1987இன் பின்கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் புயல் முடிந்ததும் இங்கிலாந்தில் எல்லாரும் பார்த்தது பேரழிவை. செத்த காடு என்று முடிவு கட்டிய பிறகு அடுத்த வேலை சுத்தம் செய்வதும் புதிதாக நடுவதும்தான். கனரக வண்டிகள் உள்ளே போய் மண்ணை இறுக்கின, சாய்ந்தும் உயிரோடிருந்த மரங்கள் அறுபட்டன. புயலைவிடச் சுத்தம் செய்ததே சில காடுகளுக்கு அதிகக் கேடு என்பது பின்னால் வந்த கணிப்பு, ராக்கம் அதைக் கடுமையாகவே சொன்னார். கெண்ட்டில் டாய்ஸ் ஹில் என்ற இடத்தில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவைத்தது. அங்கே விழுந்தவை விழுந்தபடி கிடக்க, இடையில் பிர்ச்சும் பீச்சும் தானாக முளைத்துக் காடு கூடிவிட்டது. எந்த ஒரு புகைப்படமும் அரம்பத்தை ஓட்டவில்லைதான். ஆனால் சாய்ந்தது என்றாலே செத்தது என்று ஒரு சமூகம் பார்க்கப் பழகியிருக்கிறது, அந்தப் பழக்கத்தில் இந்த வகைப் படங்களுக்கும் பங்குண்டு.

அதனால் புயல் அடித்த வாரத்திலேயே கேமராவோடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. அந்த வாரம் எடுங்கள், முறிவின் முகம் அப்போதுதான் புதிது. அதே மரத்துக்கு இரண்டாம் வருடப் பனியிலும் மூன்றாம் வருடப் பனியிலும் போய், அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில் எடுங்கள். உள்மரம் எவ்வளவு சாம்பலாயிற்று, ஓரத்தில் எழும்பிய கம்புகள் எவ்வளவு தடித்தன, அல்லது ஒன்றுமே எழும்பவில்லையா என்பது மூன்று படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். இதற்கிடையில் யாராவது அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால், மிஞ்சிய அடிக்கட்டையையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஓக்கோ யூகலிப்டஸோ என்றால் அதிலும் நாலாம் வருடம் வேலை இருக்கும்.